ரொட்டிக்கடைக்காரர் மகள் போனது சரியா?

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே! 'அமர்ந்திருக்கும்' என்று சொல்லும்போதே எனக்கு நாக்குக் கூசுகிறது. சற்று முன் அவர் அமர வேண்டிய நாற்காலியில் நான் அமர்ந்திருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவர் நின்றார், நான் அசையவில்லை. அவர் கனைத்தார்; நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். ஐயா, மன்னிக்க வேண்டும். பல வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவன். ஏறினால் முன்னால் இருக்கிற பெரிய இருக்கை நமக்குத்தான் என்று உடம்பு பழகிவிட்டது.

எனக்கு முன்னால் முழங்கி, எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சம் வைக்காத தலைமையாசிரியர் ஐயா அவர்களே! முத்திரை குத்திக் குத்தியே என்னையும் ஒரு வாசகனாக்கிய நூலகர் அம்மா அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, தாய்மார்கள் தள்ளிவிட்டதால் வந்திருக்கும் தந்தைமார்களே! முன்வரிசையில் கொட்டாவியைக் கையால் மறைக்கும் இளைஞர்களே! மறைக்க வேண்டாம், நானும் காலை வண்டியை முடித்துவிட்டு நேராக வந்தவன், நமக்குள் என்ன! கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், இந்த ஆள் யாரோ எவரோ என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் என் மகளே! அனைவருக்கும் களைத்துப்போன ஒரு மனிதனின் கனிந்த வணக்கம்.

இழப்பையும் வளர்வதையும் சொல்லும் இளையோர் நாவல்கள் பற்றி வாசகர் கருத்து. இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்டதும் வியர்த்துவிட்டது. பத்தாவதோடு படிப்புக்கு பிரேக் போட்டவன் நான். கருத்து என்றால் என் வேலையில் பயணிகள் சொல்வது. நான் காதில் வாங்காதது.

தலைமையாசிரியர் ஐயா அழகாகக் கேட்டார்: மலர் போன்ற மனங்களுக்கு மரணக் கதை எதற்கு? வளரும் பிள்ளைகளுக்கு வருத்தக் கதை எதற்கு? நானும் கைதட்டினேன். தட்டிய கை கீழே இறங்கும்போதுதான் யோசித்தேன். மரணம் என்ன, நூலக உறுப்பினர் அட்டையைக் காட்டிவிட்டா உள்ளே வருகிறது? வயது கேட்டதா? வாசலில் நின்றதா? பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று பொறுத்ததா? எங்கள் வீட்டில் பொறுக்கவில்லை. என் மனைவி போனபோது மகளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. எழுதிவிட்டு வந்தாள். அதைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். வீட்டிலும் பேசியதில்லை. கதையே அதுதான்.

இரண்டு பேர் இருக்கிற வீடு. அங்கே குக்கர் பேசும், மின்விசிறி பேசும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி பேசும். நாங்கள் பேசுவது, பால் வாங்கியாச்சா, சாவி எங்கே, கேஸுக்குச் சொல்லியாச்சா. அவள் அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. அதைச் சுற்றித் துடைப்போம். எடுக்கமாட்டோம்.

அந்த நாட்களில்தான் அவள் இந்த நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவரத் தொடங்கினாள். எந்த அட்டையைப் பார்த்தாலும் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இந்த ஓவியர்கள் யாருக்குமே முகம் வரைய வராதா என்று நினைத்தேன். என்னதான் படிக்கிறாள் பார்ப்போம் என்று ஒன்றை எடுத்துப் போனேன். முதல் அத்தியாயத்திலேயே ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மனைவி இறந்துபோகிறார். ஒரே மகள். மறுநாள் அந்த மனிதர் வழக்கம்போல மாவு பிசைகிறார்.

பேருந்து நிலையத்தில், என் இருக்கையில் உட்கார்ந்து இதைப் படித்தேன். கிளம்பும் நேரம் வந்தது, போனது. நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டுப் பயணிகள் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் பொறுங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர். கதையில யாரோ போய்ட்டாங்களாம்."

"யாருப்பா போனது?" என்றார் ஒரு பெரியம்மா.

"ரொட்டிக்கடைக்காரர் சம்சாரம்மா."

"அடப்பாவமே. எந்தக் கடை?"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் டிப்போவில் இன்றுவரை என் பெயரே ரொட்டிக்கடைதான்.

ஒரு சாயங்காலம் மகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நானும் படிக்கிறேன் என்று தெரிந்திருந்தது. தலை நிமிராமலே தன் வாசகர் கருத்தைச் சொன்னாள்.

"அந்த அப்பா சரியில்லப்பா."

"ஏன், கடைய ஒழுங்காத்தானே நடத்துறார்?"

"அதான்ப்பா. கடைய மட்டும் நடத்துறார். ஒரு தடவகூட அழல. அவருக்கு வருத்தமே இல்லன்னு அந்தப் பொண்ணு நெனச்சுக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்காக வாதாட வேறு யார் இருக்கிறார்கள்? "அவர் எப்படி அழுவார்? கண்ணு கலங்கினா ரோடு தெரியுமா? பின்னால அத்தன பேர் அவர நம்பி உட்கார்ந்திருக்காங்க."

அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. அப்படியே நின்றது.

"அப்பா, அவர் ரொட்டிக்கடைதான் வச்சிருக்கார்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் அந்தத் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த அம்மா கோபம் வந்தா பாத்திரத்த உருட்டாம பாட்டுப் பாடுவாங்களோ?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படி ஒரு பாட்டும் கிடையாது. எங்கள் வீட்டில் இருந்தது. "பாடுவாங்க, சுருதி சேராது" என்றேன். அன்று இருவருமாக அந்த நாவலில் இல்லாத பக்கங்களையெல்லாம் பேசித் தீர்த்தோம். மறுநாள் பார்த்தால், ஃபிரிட்ஜ் மேலிருந்த கண்ணாடி அதன் உறைக்குள் இருந்தது.

இப்போது சொல்லுங்கள் ஐயா! சோகத்தைப் புத்தகமா கொண்டுவந்தது? அது முன்பே வந்து, எங்கள் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததே! வாயில்லாமல் உட்கார்ந்திருந்ததே! அதற்கு வாய் கொடுத்தது எது? வார்த்தை கொடுத்தது எது? அப்பனையும் மகளையும் ஒரே விளக்கின் கீழ் அமர வைத்தது எது? முகமில்லாத பெண் நிற்கும் அந்த மெல்லிய அட்டைப் புத்தகம் அல்லவா?

பின்னால் யாரோ "சீக்கிரம்" என்கிறீர்கள். முடிக்கிறேன். எனக்கும் கால் வலிக்கிறது.

போன வாரம் மகளுக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. தொலைவில். விடுதியில் தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசகர் கருத்துதான் சொன்னாள்.

"கடைசியில அந்தப் பொண்ணு ஊரவிட்டுப் போறது எனக்குப் பிடிக்கலப்பா. அந்த அப்பாவத் தனியா விட்டுட்டு. எழுதினவங்க தப்புப் பண்ணிட்டாங்க."

"போனதுதான் சரி" என்றேன்.

"கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"டிரைவர்கிட்ட கேக்குற கேள்வியா இது? கடைசி ஸ்டாப் வராம நான் என்னைக்கு வண்டிய விட்டு எறங்கியிருக்கேன்?"

"அவர் தனியா என்னப்பா சாப்பிடுவார்?"

"ரொட்டிக்கடைக்காரருக்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்?"

அவள் சிரிக்கவில்லை. பதிலும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை நாளைக்கு.

ஆகவே, அவையோர்களே, ஆன்றோர்களே! வீட்டில் எடுபடாத என் கருத்தை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் போனதுதான் சரி! அம்மா இல்லாத வீட்டுக்கு அவள் காவல் இருக்கப் பிறந்தவளா? அப்பாவின் மௌனத்துக்குத் துணை இருக்கப் பிறந்தவளா? அடுப்பு இருக்கும், கடை இருக்கும், அந்த அப்பாவும் இருப்பார். கொஞ்சம் கருகலாக இருப்பார், அவ்வளவுதான். அவள் போகட்டும்! போய்ப் படிக்கட்டும்! விடுமுறைக்கு வரட்டும்! வரும்போது அவருக்கு அழுகை வந்தால் அவர் அழட்டும், அதுதானே அவள் கேட்டது! திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டிய வாசகர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், தூணுக்குப் பின்னால் இருந்தாலும் சரி, இந்த எளிய வாசகனின் கருத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்!

நாற்காலியைத் திருப்பிக் கேட்காத தலைவருக்கும், என்னோடு கருத்து மோதினாலும் என் பேருந்தில் ஏறத் தயங்காத தலைமையாசிரியருக்கும், விழித்திருந்த உங்களுக்கும், விழித்திருக்க முயன்ற உங்களுக்கும் நன்றி. பார்த்து வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.

நூலக மலரில் அச்சிட இந்தப் பேச்சை எழுதித் தரச் சொன்னார்கள். பேசியபடியே எழுதியிருக்கிறேன். மேடையில் சொல்லாமல் இறங்கியது ஒன்றுதான்: அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. அந்தப் பெண் பெட்டியை எடுத்துக் கதவருகே வைக்கும் இடத்தில் மூடி வைத்தவன், இன்னும் திறக்கவில்லை.