வெளியே வராத புரதம்

– லேப் கதவைத் திறங்க, நான் வெளிய போகணும். என் உதடு கிழிஞ்சு கோட்டெல்லாம் ரத்தம்.

– கிழியட்டும். கட்டின புருஷன் மூஞ்சியில கண்ணாடிக் குடுவையை வீசினவ யாருடீ?

– நீங்க என் கழுத்தைப் பிடிச்சு சுவத்துல மோதினீங்க. அதுக்கப்புறம்தான் வீசினேன்.

– வேற ஊர் லேபுக்குப் போறேன்னு கடைசி நிமிஷத்துல வந்து சொன்னா, கொஞ்சுவாங்களா? புரியுதா உனக்கு?

– என் பிளாஸ்மிட்டை வெட்டினது நீங்கதானே? முதல்ல அதைச் சொல்லுங்க.

– எந்த பிளாஸ்மிட்?

– பச்சைப்புள்ள மாதிரி கேக்காதீங்க. அந்த டி.என்.ஏ. வட்டத்துல, புரதத்துக்கு முன்னாடி ஒரு சின்னத் துண்டு வச்சிருந்தேன். 'இதை வெளிய அனுப்பு'ன்னு செல்லுக்குச் சொல்ற துண்டு. இப்ப மைக்ராஸ்கோப்புல பாத்தா, பச்சையா மின்னுற புரதம் செல்லு முழுக்க அப்பிக்கிட்டு நிக்குது. ஒரு பொட்டு வெளிய வரல. என் கைதான் ராசியில்லைன்னு மாசக்கணக்கா அழுதேன். நீங்களே கண்ணைத் துடைச்சு விட்டீங்க.

– ஆமாடீ, வெட்டினேன். அந்தத் துண்டைத் தூக்கிட்டு, மிச்சத்தை உன் குழாய்லயே திருப்பி வச்சேன். அது வெளிய வரலைன்னா நீயும் வெளிய போகமாட்ட. புரியுதா?

– அடப்பாவி!

– வாயை மூடு. இன்னொண்ணு விட்டேன்னா பல்லு கையில வந்துடும்.

– விடுங்க. நல்ல பிளாஸ்மிட்டை மறுபடியும் செஞ்சாச்சு. புரதம் கொட்டோ கொட்டுன்னு வெளிய வருது. நாளைக்கு நான் கிளம்புறேன்.

– எங்க வச்சிருக்க? ஃப்ரீசர்லயா? நகரு. நகருடீ!

– ஐயோ, முடியை விடுங்க! அந்தப் பெட்டியைத் தொடாதீங்க!

– இதுதானே? மேல உன் பேரு கொட்டை எழுத்துல இருக்கே.

– கீழ போட்டு மிதிக்காதீங்க, உங்க கால்ல விழறேன்...

– மிதிச்சா உடையாதுடீ, பிளாஸ்டிக். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு குழாய் மூடியா பிடுங்கிப் போட்டு ப்ளீச் ஊத்துறேன், பாரு. இது போச்சு. இதுவும் போச்சு. கத்து, நல்லாக் கத்து. இனி எந்தச் சாமி இறங்கி வந்தாலும் இதுலேர்ந்து ஒரு புரதம் செய்ய முடியாது.

– எல்லாத்துலயும் ஊத்திட்டீங்களா?

– ஒண்ணு விடல. என்ன, அழுகை நின்னுடுச்சு?

– ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும்னு தெரியாதா எனக்கு? போறேன்னு சொல்றதுக்கு முன்னாடியே, நம்ம ரெண்டு பேர் பெட்டிக்குள்ள இருந்த குழாயை எல்லாம் மாத்தி வச்சுட்டேன்.

– என்னடீ உளர்ற?

– உன் பிளாஸ்மிட்டை எல்லாம் யாருக்கும் ஒரு துளி நகல் குடுக்காம பொத்திப் பொத்தி வச்சிருந்தியே... குனிஞ்சு அந்த மூடியை எடுத்துப் படி. யார் கையெழுத்து அது?