கட்டாக்காலி

ஜெர்மனியின் ஹம் நிலையத்தில் ரயில் புறப்படக் காத்து நின்றது. பெட்டியில் நான், தூங்கும் ஜெர்மன் கிழவர், இரண்டு தமிழ்ப் பெடியன்கள். ஒருவன் பேர்லின் போகிறான், மற்றவன் வழியனுப்ப வந்தவன். போகிறவன் முணுமுணுத்தான்.

"நேற்றுப் பாத்த கறுப்பு வெள்ளை இத்தாலிப் படத்தில, சும்மா திரிஞ்ச அஞ்சு பேரில ஒருத்தன் கடைசியில ரயிலேறிப் போறான்தானே. அவனுக்கு ஏலும், மச்சான். என்னை அம்மாவே கட்டாக்காலி எண்டுறா. பேர்லினில பேக்கரி வேலை பழகிற அவுஸ்பில்டுங் எனக்கு ஏலாது. இறங்கப்போறன்."

"விசரா, கட்டாக்காலி எண்டால் கட்டாத மாடு. கயிறே இல்லை. போவன்ரா!"

மணி அடித்தது. பேர்லின் போகிறவனும் இறங்கிவிடுவானோ என்று பார்த்தேன். நண்பன் மட்டும் குதித்து இறங்கினான். இவன் இருந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"நேற்றுப் படத்துக்கு நீ போட்ட டிக்கெட் காசு முதல் சம்பளத்தில வரும்!"

"ஒன்பது யூரோடா!"