கதவைத் திறக்கச் சொல்லாத தெல்கர்மா

மேடையில் வீற்றிருக்கும் மூத்தோரே, எல்லைக்கு அப்பாலிருந்து வந்திருக்கும் காவல் அதிகாரி, தோழி சாரங்குவா அவர்களே, எல்லையோரச் சமீன் ஊத் நகரத்துத் தாய்மார்களே!

காணாமல்போன பிள்ளைகளுக்காக இரண்டு நாட்டு மண்ணிலும் அலைந்த எங்கள் தலைவி, தெல்கர்மா அக்கா, இன்று இல்லை. அவருடன் பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். எதைச் சொல்வேன்? அரியுனாவைப் பற்றிச் சொல்கிறேன். அவளே சொல்லச் சொன்னாள்.

உடலை வில்லாக வளைத்து ஆடும் சிறுமி அவள். சர்க்கஸில் சேர்ப்பதாகச் சொல்லி அழைத்துப் போனவர்கள், எல்லைக்கு அப்பால் ஒரு விடுதியில் குடிகாரர்கள் முன் ஆடவிட்டார்கள். தகவல் கிடைத்ததும் அக்கா கிளம்பினார். விடுதிக்குள் நுழைந்தபோது மதிய விருந்து நடந்துகொண்டிருந்தது. நேரே மேடையேறித் தன் மேலங்கியைக் கழற்றி அந்தக் குழந்தையைப் போர்த்தினார்.

விடுதிக்காரன் கத்தினான்: "யாருய்யா இந்தப் பொம்பள? பெத்த தாயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா!"

"தாய் கையெழுத்துப் போட்டா புள்ளைக்கு முதுகு வலிக்காதா?"

"வெளிய தள்ளுங்கடா இவள!"

"தள்ளுங்கப்பா. என் கனத்துக்கு நாலு பேராவது வேணும். சாப்பிட்டுட்டு வாங்க!"

அவர்கள் திகைத்து நிற்கும்போதே சாரங்குவா தம் காவலர்களுடன் உள்ளே நுழைந்தார். பிள்ளை மீண்டாள்.

மீண்டாளா? உடல் மீண்டது! அக்காவின் வீட்டு அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

"அம்மாகிட்ட போகமாட்டேன். உங்ககூடயும் பேசமாட்டேன்."

"பேசவேணாம் கண்ணு. கொழுக்கட்டை வாசல்ல வெச்சிருக்கேன். ஆறிடும், அவ்வளவுதான்."

தாய் வந்தாள், அழுதாள். "ஏமாந்துட்டேன் அக்கா. கதவத் திறக்கச் சொல்லுங்க!"

அக்கா அவளுக்கு உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "நான் சொல்லமாட்டேன்மா. அந்தப் புள்ளைய எல்லாரும் சொன்னபடி ஆட வெச்சாங்க. இது ஒண்ணாவது அவ இஷ்டப்படி நடக்கட்டும். நீ வந்துட்டே இரு."

தாய் வந்துகொண்டே இருந்தாள். குளிர்காலம் முழுவதும் அடைத்த கதவின் முன் உட்கார்ந்து, ஊர்க் கதையும், சினையாயிருந்த வீட்டுக் குதிரையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவாள். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், உள்ளிருந்து குரல் வந்தது: "அந்தக் குதிரை குட்டி போட்டுச்சா?"

கதவு திறந்தது! அடுப்படியில் நின்ற அக்கா, முகத்தைக் கைத்துணியில் புதைத்துக்கொண்டு குலுங்கியதை நான் பார்த்தேன். அன்பர்களே, எத்தனையோ பேர் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தபின் காத்திருக்க யாரால் முடியும்? எங்கள் அக்காவால் முடிந்தது!

புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. கடைசியாக என்னிடம் கேட்டது மருந்தல்ல. "ரயிலடியில காணாமப்போன அந்தப் பொண்ணைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இங்க ஏன்டி உட்கார்ந்திருக்க?" என்றார்.

அக்கா, நாங்கள் உட்காரமாட்டோம்! அந்தப் பெண்ணின் தாய் இந்தக் கூடத்தில், பின்வரிசையில் இருக்கிறார். அம்மா, நாளைக் காலையில் நானும் சாரங்குவாவும் அவளைத் தேடி எல்லை தாண்டுகிறோம். வண்டியில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. வாருங்கள்.