கார்பெட்டுக்கு அடியில்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர்க் கடையொன்றில் பிரிண்ட் போட்ட போட்டோ வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"எண்ணூறு வருஷத்து சர்ச்சுல ஒரு கல்லறையை என் கால்தான்டி கண்டுபிடிச்சுது!"

"காலா?"

"இங்கிலாந்துல ஒரு கிராமம். பழக்கதோஷத்துல ஷூவை வாசல்லயே கழட்டிட்டேன். உள்ள மெல்லிசு கார்பெட். நடந்தா அடியில ஏதோ மேடும் பள்ளமுமா தட்டுப்படுது. தூக்கிப் பார்த்தா, கல்லுல சிலுவை, பெரிய கத்தி எல்லாம் செதுக்கியிருக்கு!"

"அங்க யாருக்கும் தெரியாதா?"

"சர்ச்சைப் பார்த்துக்கற லேடி, 'முப்பது வருஷமா ஷூவோட இதுமேலதானே நடந்துட்டிருந்தேன்'னு கத்திட்டாங்க!"

"அப்புறம்?"

கதை சொன்னவள் போட்டோ உறையிலிருந்து ஒரு படத்தை உருவினாள். என்னால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த சர்ச்சுக்குள் வயதான ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு கார்பெட்டைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார்கள்.