மூன்றாவது முறை கூப்பிட்டபோது

மணி பதினொன்று இருக்கும். எண்பத்தொன்றாம் வருஷம், மார்கழி. போளூரிலிருந்து வந்த கடைசி பஸ் மலைமேல் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஏழு மைல்... நடைதான். தனி ஆள். கையில் மங்கிப்போன டார்ச். நடந்தவர் என் மச்சானுடைய சித்தப்பா தீர்த்தகிரி. இதை அவர் ஒரே ஒருமுறை, என் மச்சானிடம் மட்டும், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

மலையில் ஒரு முறை உண்டு. இருட்டில் நடக்கிறவன் வளைவுக்கு வளைவு 'கூ...' என்று குரல் கொடுப்பான். காதில் விழுந்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். பரணில் பன்றிக்குக் காவல் இருக்கிறவனும் கொடுப்பான். ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் அது பேய்... வாயைத் திறக்கக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டால் மனிதன்தான். மூன்றும் கேட்டுப் பேசாமல் போனவன் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

இதைத்தான் தீர்த்தகிரி பன்னிரண்டு வயதில் விளையாட்டாக்கினார். விடுதிப் பள்ளியில் ராஜாக்கண்ணு என்று ஒரு பையன், இவருடைய ஊர்தான். தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவான். "இவன் பேய்டா. கூப்ட்டா எவனும் பதில் குடுக்கக் கூடாது" என்று சட்டம் போட்டது தீர்த்தகிரி. ராத்திரி காட்டோரம் ஒதுங்கப் போகிற பையன்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். ராஜாக்கண்ணு கூப்பிட்டால் மட்டும்... கப்சிப். அவன் திசை தெரியாமல் இருட்டில் நின்று கெஞ்சுவான். இவர்கள் பாயில் படுத்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

ஒரு வருஷம் இப்படி. முதலில் கூப்பிடுவதை விட்டான். அப்புறம் பேச்சையே விட்டான். வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பூசாரி பார்த்தார், வேலூர் டாக்டரும் பார்த்தார். பத்தொன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தீர்த்தகிரிக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்தாயிற்று. அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நடப்பார்.

அன்றைக்கு மூன்றாவது வளைவு. பெரிய கடுக்காய் மரம் நிற்கும் இடம். முதலில் வந்தது வாசம்... நனைந்து காய்ந்த கோரைப்பாய் வாசம். நட்ட நடுக் காட்டில். பூச்சிச் சத்தம் பட்டென்று நின்றது. கீழே ஓடைப் பக்கமிருந்து...

'கூ...'

சின்னப் பையன் குரல்.

தீர்த்தகிரி நின்றார். ஒன்றுதானே, விடு என்று நினைத்தார். மறுபடியும், 'கூ...' கொஞ்சம் இழுத்து. மார்கழிக் குளிரில் கழுத்து வேர்த்தது. மூன்றாவது வந்தது.

"தீர்த்தா... நாந்தான்டா..."

மூன்று ஆகிவிட்டது. ஒரு 'ஓ' கொடுத்தால் போதும். கொடுத்தால் இறங்கிப் போக வேண்டும். எந்த முகத்தோடு போவது? டார்ச்சை அணைத்துவிட்டு நடந்தார். பேய்க்குப் பயந்தார் என்று நினைக்காதீர்கள். வெட்கம். அவர் வாயாலேயே சொன்னது.

ஊர் முனையில் ஆறு பேர் பந்தத்தோடு நின்றார்கள். நடுவில் ராஜாக்கண்ணுவின் அம்மா கெங்கம்மாள். சாயங்காலத்திலிருந்து மகனைக் காணோம், எந்தப் பக்கம் தேடுவது என்று பேச்சு.

"ரோட்டுப் பக்கம் எங்கனா கொரல் கேட்டுச்சாப்பா?" என்றாள். அப்புறம் அவளே, "அவன் எங்க கூப்டப் போறான். வாயத் தெறந்து பத்தொம்போது வருசம் ஆவுதே" என்றாள்.

கேட்டது என்றால், ஏன் பதில் கொடுக்கவில்லை என்பார்கள். ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்லீங்க பெரியம்மா. ஒண்ணும் கேக்கல."

அதனால் அந்த வழியை விட்டுவிட்டு மேற்கே போனார்கள். தீர்த்தகிரியும் ஒரு பந்தத்தை வாங்கிக்கொண்டு கூடவே போனார். இப்போது சொல்லிவிடலாம், அந்தப் பாறை வந்ததும் சொல்லிவிடலாம்... விடிகிற வரைக்கும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஆடு ஓட்டிப் போன பாஞ்சாலைதான் பார்த்தாள். மூன்றாவது வளைவு, ஓடைக்குள். இரண்டு பாறைக்கு நடுவே கால் மாட்டி முறிந்திருந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்திருக்கிறான். தூக்கியபோது உடம்பில் சூடு இன்னும் விடவில்லை... இப்போதுதான் போயிருக்க வேண்டும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

குளிப்பாட்டும்போது உடம்பெல்லாம் இளக்கமாக மடங்கியது. வலது கை மட்டும் மடங்கவில்லை. விரல்களைக் குவித்து வாயோரம் வைத்தது வைத்தபடி இருந்தது, தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. கெங்கம்மாள் எண்ணெய் விட்டு நீவிப் பார்த்தாள். தீர்த்தகிரியும் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இறங்கவில்லை... அப்படியே புதைத்தார்கள்.