கடல் செய்தி வராத நாள்

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர் மேடம். படகில் கால் வைத்தாலே குமட்டிவிடும். மீனும் சாப்பிடுவதில்லை. ஆழ்வார்திருநகரியில் பெருமாள் கோயிலுக்கு நாலு வீடு தள்ளிப் பிறந்த இந்தத் தேசிக், மீன்பிடிக்கிறவர்களுக்கு ஆறு மாதம் காற்று சொன்னான் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் தொழில் தேர்தல் வியூகம். இந்த இடைத்தேர்தலுக்கு வேதமணி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வாய்க்கும் மூளைக்கும் மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. பணம் கொடுக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, சாதி பேசக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "அப்ப எதுக்குல எலெக்சன்ல நிக்கணும்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்த மூன்றையும் நான் கடைசிவரை மீறவில்லை. நீங்கள் தாராளமாக விசாரிக்கலாம்.

மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தக் கடற்கரை ஊரில் எங்களுக்கு ஓட்டே இல்லை. அதற்காகத்தான் 'கடல் செய்தி' ஆரம்பித்தேன். காற்று மோசம் என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணாச்சி குரலில் எல்லார் போனுக்கும் வாட்ஸ்அப் போகும். "வேதமணி பேசுதேன். இன்னைக்குக் கச்சான் பெலமா அடிக்கும், யாரும் கடலுக்குப் போவாதீங்க." கச்சான் என்பது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. செய்தி வராவிட்டால் போகலாம் என்று அர்த்தம். துறைமுகத்துக் கப்பல்களுக்கு வானிலை சொல்கிற ஒரு கம்பெனியிடம் தகவல் வாங்கினோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நாலாம் மாதத்தில் அந்த ஊரில் வேறு எந்த அறிவிப்பையும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பார்க்கிற இடத்திலெல்லாம் நன்றி சொன்னார்கள். ஓட்டு மட்டும் அசையவில்லை. கடைசி சர்வேயிலும் அந்த ஊரின் அறுநூறு ஓட்டும் எதிர்ப்பக்கம்தான். எனக்கு எரிச்சல் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? காற்றை என்னிடம் வாங்கிக்கொண்டு ஓட்டை அங்கே போடுவது எந்த ஊர் நியாயம்?

அங்கே மாதா கோயில் மைக் ஒன்று உண்டு. அவசரம் என்றால் கடல் எச்சரிக்கையை அதில் சொல்வார்கள். அந்த மைக்கில் பிரச்சாரம் நடக்கிறது என்று ஒரு மனு கொடுத்தேன். நடந்தது உண்மைதான், ஒரே ஒரு தடவை. வாக்குப்பதிவு முடியும்வரை மைக்கை நிறுத்திவைத்தார்கள். விதியென்றால் எல்லோருக்கும் விதிதானே.

பிரச்சாரம் ஓய்ந்தது. கடைசி நாற்பத்தெட்டு மணி நேரம் வேட்பாளர் குரலில் எதுவும் போகக் கூடாது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் நாலேகாலுக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: ராத்திரி முழுக்கக் கச்சான், அறுபது கிலோமீட்டர் வேகம். அனுப்பினால் அத்தனை பேரும் கரையில் நிற்பார்கள், காலையில் குளித்துவிட்டு வரிசைக்கு வருவார்கள். அனுப்பாவிட்டால் சாயங்காலம் கிளம்புவார்கள், காற்று பிடித்து வைத்துக்கொள்ளும், ஓட்டு முடிந்த பிறகு கரை சேர்வார்கள். ஒரு பகல் தாமதம் என்றுதான் நினைத்தேன். ஆகவே சட்டத்தை மதித்தேன். சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது என்றாவது அறிவித்திருக்கலாமே என்பீர்கள். அதுவும் அண்ணாச்சி குரலில்தானே போக வேண்டும், மேடம்.

ஐந்தரைக்கு ரோச் கூப்பிட்டான். முப்பது வயது, சொந்த வள்ளம். அந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கடல் செய்திக்கு நம்பர் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான்.

"சார், மெசேஜ் ஒண்ணும் வரலியே. மேகம் ஒரு மாதிரி கெடக்கு. போவலாமா?"

"மெசேஜ் வரலேன்னா என்ன அர்த்தம், ரோச்?"

"போவலாம்னு அர்த்தம்."

"அப்புறம் என்ன?"

"அதுவும் சரிதான். காலைல பத்து மணிக்குள்ள திரும்பிருவோம் சார். எங்க ஊர்க்காரனுவள விடுங்க, நான் இந்தத் தடவை ஒங்க ஆளுக்குத்தான் குத்தப் போறேன்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? நான் கேள்விதான் கேட்டேன்; பதில் சொன்னது அவன்.

முப்பத்தெட்டு வள்ளங்கள் போயின. காலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றதும் பெண்களும் ஓட்டுச்சாவடிக்குப் போகாமல் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அது நான் எதிர்பார்க்காத லாபம். மறுநாள் முப்பத்தேழு வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரோச்சும் அவன் மச்சான் மரியானும் இன்றுவரை கிடைக்கவில்லை. அண்ணாச்சி இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்த கையோடு ரோச் வீட்டுக்குப் போய் அவன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், பாவம். அவருக்கு ஒன்றும் தெரியாது. தகவலைப் பார்த்ததும் அமுக்கியதும் நான் ஒருவன்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டுக் கேட்டவனிடம் மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன், மேடம். வைத்த போனைத் திரும்பக் கையில் எடுத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் விஷயம் தெரிந்தால் தான் மட்டும் தப்பித்துக்கொள்கிற ஆளா அவன்? கடற்கரை முழுக்க ஓடி ஒவ்வொரு வள்ளத்தையும் மறித்திருப்பான். அவ்வளவு நல்லவன். அதனால்தான் சொல்லவில்லை.