அவருக்கும் ஒரு ஓட்டு

காலையில் தங்கவயலிலிருந்து பெங்களூர் வரும் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு முதியவர்கள். ஒருவர் மடியில் ரோஜா மாலை. இன்னொருவர் மடியில் மடித்த கட்சிக் கொடி. சாவு வீட்டுக்குப் போகிறார்கள்.

“செத்தவர கட்சியில சேக்க விதியில எடம் இருக்கா, தோழர்?” என்று மாலைக்காரர் கேட்டதும் நான் செய்தித்தாளைக் கீழே வைத்தேன்.

“சேக்காம கொடி போத்த முடியாதே. நாமதான அவர நீக்குனோம்.”

“சுரங்கத்த மூடுறப்ப, தொழிலாளிங்களே எடுத்து நடத்தலாம்னாரு. அதுக்குத்தான் நீக்குனோம்.”

“கவர்மென்ட்தான் நடத்தணும், அதுதான் சோஷலிசம்னு நான் ஒரு மணி நேரம் பேசுனேன்.”

“கடைசியில யாரும் நடத்தல.”

கொடிக்காரர் மடியிலிருந்த கொடியின் மடிப்பைச் சரிசெய்தார். ஒயிட்ஃபீல்டில் கூட்டம் ஏறி, ரயில் மறுபடி கிளம்பியதும் சொன்னார்.

“அவர சேக்கறத ஓட்டுக்கு விடுவோம். புரட்சியே ஓட்டுலதான் வரணும்னு சொன்ன கட்சி இது.”

“தீர்மானம் போட மூணு பேர் வேணும். மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேர்.”

“ஜீவனஹள்ளியில, சாவு வீட்டுல, அவர் பக்கத்துல நின்னு ஓட்டெடுக்கலாம். அவரோட மூணு. நீக்குன அன்னைக்கும் அவருக்கு ஓட்டு குடுத்தோமில்ல?”

மாலைக்காரர் யோசித்தார்.

“அவர் எதிர்த்துதான் போடுவாரு.”

“போடட்டும். ரெண்டுக்கு ஒண்ணு, தீர்மானம் பாஸ். அவர் எதிர்த்தாருன்னு மினிட்ஸ்லயும் எழுதிடலாம்.”